சோடியம் சரி, 'இ' தப்பு

பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் 15 கேள்விகள் ஒரு மதிப்பெண் ரகம். விடை தெரிந்தால் மட்டும் போதாது. அது 'அ'வா 'இ'யா என்றும் எழுத வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினால் பூஜ்யம். சோடியம் சரி, 'இ' தப்பு என்றால் சோடியமும் தப்பு! மற்ற கேள்விகளில் சமன்பாட்டில் ஒரு 2 விட்டுப்போனால் அரை மதிப்பெண் காலி. (இது நியாயம்தான், நிறை அழியாமை விதியை நாமே அழிக்கலாமா?)

கேள்வியே தப்பென்றால்தான் கருணை பிறக்கும். கேள்வி எண்ணைப் போட்டு எதையாவது கிறுக்கியவனுக்கு மதிப்பெண் உண்டு. தப்பைக் கண்டுபிடித்து எழுதாமல் விட்ட கெட்டிக்காரனுக்கு ஒன்றுமில்லை. ஆகவே பிள்ளைகளே, புரியாவிட்டாலும் கேள்வி எண்ணைப் போட்டு நாலு வரி எழுதி வையுங்கள்.