நெருப்புக்கும் பருவம் உண்டு

கேள்வி: காட்டுக்கு நாமே தீ வைத்தால் காடு பிழைக்கும் என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகர், தெப்ராவ், ஜொகூர்

பதில்: நம்பலாம், இடம் பார்த்து! கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் கோடை முற்றுமுன் சருகுக்கு மட்டும் தீ வைத்து வந்தார்கள். ‘தரகு பெங்கி’ என்று பெயர். தரையோடு தவழும் தீ. உண்ணிச்செடி எனும் களையின் கன்று கருகும், நெல்லி மரம் நிற்கும். 1974இல் அந்த மலை சரணாலயமானது, தீ தடைப்பட்டது. பின்னாளில் உண்ணிச்செடி காட்டையே மூடியது.

அமெரிக்காவில் அண்டை நிலக்காரர்கள் சங்கம் அமைத்து, ஆளும் கருவியும் பகிர்ந்து, முறை வைத்து எரிக்கிறார்கள். தீக்கு வேலி தெரியாது. அதனால் வேலிக்கு இருபுறமும் உள்ளவர்கள் கைகோக்கத்தான் வேண்டும்.

மலேசியச் சதுப்புக் கரிமண்ணோ அடியிலேயே வாரக்கணக்கில் புகையும். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. ஆகவே, தெப்ராவில் தீப்பெட்டி வேண்டாம். தோட்டத்துச் சருகை உரமாக்குங்கள்.