திசைவியும் திண்ணையும்: மடிப்பாக்கத்து இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கூடத்து மூலையில், டிவிக்கும் தலையாட்டி பொம்மைக்கும் நடுவே, பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டி நிற்கிறது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு விளக்கு சிவப்பானால் மட்டும் வீட்டிலுள்ள நால்வரும் நான்கு திசையிலிருந்து ஓடி வருகிறார்கள். நல்லது நடக்கும்வரை மறக்கப்பட்டு, கெட்டது நடந்ததும் நினைக்கப்படுவது சனி பகவானுக்கு மட்டுமே உரிய பெருமை என்று கருதப்பட்டுவந்த நிலையில், இப்பெட்டி குறித்து முறையான ஆய்வு எழாதது வியப்பளிக்கிறது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லையும் தகவலாளரும்

வடக்கே பால்கனி, தெற்கே குளியலறை, இடைப்பட்ட 850 சதுர அடி. தகவலாளர் இருவர்: தகவலாளர் அ (வயது 71, ஆய்வாளரின் தாயார்), தகவலாளர் ஆ (வயது 14, ஆய்வாளரின் மகன்). ஆய்வாளரின் துணைவியார் தகவல் தர மறுத்துவிட்டார். மறுத்தபோது அவர் கூறியவை ஆய்வுப் பொருளுக்கு அப்பாற்பட்டவை.

இயல் 1: சொல்லாய்வு

நூலோர் இதைத் ‘திசைவி’ என்பர். கடைக்காரர் ‘ரவுட்டர்’ என்பார். இணைப்புக் கொடுக்க வந்த தம்பி ‘மோடம்’ என்றார். தகவலாளர் அ ‘வைஃபை டப்பா’ என்கிறார். நான்கில் நிலைத்து நிற்கப்போவது கடைசிச் சொல்லே என்பது ஆய்வாளரின் துணிபு.

‘வைஃபை’ என்பதன் வேர்ச்சொல் தேடிய முயற்சி தோல்வியில் முடிந்தது. அதற்கு வேரே இல்லை. 1999இல் இன்டர்பிராண்ட் என்ற பெயர்சூட்டும் நிறுவனம் காதுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று உருவாக்கிக் கொடுத்த சொல் அது. அதற்கு விரிவு தேடுவது, செல்லப் பெயருக்குப் பதவுரை எழுதுவதை ஒக்கும்.

வீட்டு வைஃபைக்குத் தமிழில் பெயர் சூட்டலாமா என்பது அடுத்த வினா. சூட்டலாம். ஆனால் பெயருக்கு அனுமதிக்கப்பட்ட நீளம் 32 பைட்டு. யூனிகோடை அனுப்பும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு. தமிழுக்கோ உயிரெழுத்து, அகரமேறிய மெய், துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. இந்தக் கணக்கில் ‘வள்ளுவர்’ 24 பைட்டு, தாராளமாக நுழைகிறார். ‘திருவள்ளுவர்’ 36 பைட்டு; வாசலிலேயே நிற்கிறார். அதாவது வள்ளுவருக்கு இடமுண்டு, அவருடைய திருவுக்கு இல்லை. இந்த முடிவு முடிவுரையில் மீண்டும் தேவைப்படும்.

இயல் 2: பெண் பார்க்கும் படலம், அல்லது திசைவியைத் தேர்ந்தெடுத்தல்

ஆய்வாளர் கடைக்குச் சென்றபோது தகவலாளர் ஆ-வும் உடன் வந்தார். கடைக்காரர் நான்கு கொம்புள்ள பெட்டியை எடுத்து வைத்து, “ஏசி 1200 சார், நல்லா மூவ் ஆகுது” என்றார். வீட்டில் இதைச் சொன்னதும் தகவலாளர் அ, “எத்தனை டன்னு?” என்று கேட்டார்.

இந்த 1200 எங்கிருந்து வந்தது? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட். இரண்டையும் கூட்டி, அருகிலுள்ள நூறுக்கு உயர்த்தினால் 1200. ஒரு கைபேசி ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கும். மாப்பிள்ளை சம்பளத்தோடு அவர் அண்ணன் சம்பளத்தையும் கூட்டிச் சொல்லும் தரகருக்கும் பெட்டியின் அட்டைக்கும் வேறுபாடு காண இயலவில்லை. கொம்புகளும் அப்படித்தான். பெரும்பாலான கைபேசிகளில் வைஃபைக்கு இரண்டு ஆன்டெனாதான். பெட்டிக்கு எட்டுக் கொம்பு முளைத்தாலும் கைபேசியின் வேகம் எட்டு மடங்காவதில்லை.

பார்க்க வேண்டியவை வேறு. இணைப்புக் கம்பியைச் செருகும் பின்புறத் துளை 100 மெகாபிட்டா, ஒரு கிகாபிட்டா? 300 மெகாபிட் இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டி, 100 மெகாபிட் துளையில் செருகுவது, அண்டா நிறையப் பாயசம் வைத்து மை ஊற்றும் புனலில் பரிமாறுவது போலாகும். டபிள்யூ.பி.ஏ. 3 பாதுகாப்பு உண்டா? தயாரித்தவர் இன்னும் மென்பொருள் அப்டேட் தருகிறாரா? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டதும் கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

இயல் 3: இடமும் புறம்போக்கும்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ., அதாவது அரைச் சாண். 5 கிகாஹெர்ட்ஸ் அலை கால் சாண். அரைச் சாண் அலை சுவர் தாண்டிச் சமையலறைவரை போகும். கால் சாண் அலை தரவை வேகமாகக் கொண்டுவரும், ஆனால் கான்கிரீட் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரும்பு பீரோவை இரண்டாலும் கடக்க முடியாது. பெட்டியை டிவிக்குப் பின்னால் ஒளித்து, மேலே பூவேலை செய்த துணியும் போர்த்திவிட்டு, “உள்ரூம்ல டவரே வரல” என்று புலம்புவோரை ஆய்வாளர் களத்தில் கண்டார். அவர்களுள் தாமும் ஒருவர் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறார்.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது வானலையில் புறம்போக்கு நிலம். இந்தியாவில் 2005 முதல் அங்கே குடியேற உரிமம் தேவையில்லை. ஆகவே வைஃபை, புளூடூத், கம்பியில்லா மவுஸ் எல்லாம் அங்கேதான் குடிசை போட்டிருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. கசிவது மிகச் சிறிதளவே என்றாலும் பலவீனமான வைஃபைக்கு அதுவே இரைச்சல். நேற்றைய சாம்பார் சூடாகும்போது தகவலாளர் ஆ-வின் ஆன்லைன் வகுப்பு உறைந்து போவது இதனால்தான். சாம்பார் ஆறிய பிறகும் வகுப்பு உறைந்தே இருந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம் என ஐயுறப்படுகிறது.

இயல் 4: காப்பு

பூட்டுகளின் வரலாறு சுருக்கமானது. முதல் பூட்டான டபிள்யூ.இ.பி.யை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் 2001இல் கணிதத்தால் திறந்தார்கள். பிறகு 2004இல் டபிள்யூ.பி.ஏ. 2-உம், 2018இல் டபிள்யூ.பி.ஏ. 3-உம் வந்தன. இடையே, எட்டு இலக்க எண்ணால் எளிதில் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதி ஒன்று உண்டு. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஆகவே ஒரு கோடி முயற்சி தேவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் பெட்டி முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகவும், மீதியைத் தனியாகவும் சரியா தவறா என்று சொல்லிவிடுகிறது. 10,000, பிறகு 1,000. மொத்தம் 11,000 முயற்சி போதும். இந்தப் பலவீனம் 2011இல் வெளிவந்தது. அந்த வசதியை அணைத்து வைப்பதே அறம்.

கடவுச்சொல்லாகக் கைபேசி எண்ணை வைப்பது நம்மவர் மரபு. நம் கைபேசி எண் 6, 7, 8, 9இல் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி. டபிள்யூ.பி.ஏ. 2இல் இணைப்பு நிகழும் கணத்தைப் பதிவு செய்துகொண்டவர், வீட்டுக்குப் போய் நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம். கேம் விளையாட வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்கு நான்கு லட்சம் ஊகங்களைச் சோதித்தால், 400 கோடியும் 10,000 விநாடியில் முடியும். அதாவது 2 மணி 47 நிமிடம்: ஒரு பழைய தமிழ்ப் படம், இடைவேளை நீங்கலாக. டபிள்யூ.பி.ஏ. 3இல் இந்த வசதி இல்லை; ஒவ்வொரு ஊகத்துக்கும் வாசலில் வந்து கேட்டாக வேண்டும்.

பெயரை மறைத்து வைத்தால் போதாதா என்பார் உளர். போதாது. பெட்டி வாயை மூடிக்கொண்டால், கைபேசி போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி “இருக்கியா, இருக்கியா” என்று கூப்பிட்டுக்கொண்டே போகும்.

பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்கு வேறொரு கடவுச்சொல் உண்டு. பெரும்பாலோர் அதைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடப்பட்ட கேமராக்களையும் திசைவிகளையும், சுமார் 60 பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு மிராய் என்ற நிரல் படையாகத் திரட்டியது. அந்தப் படை 2016 அக்டோபர் 21 அன்று, இணையதளங்களின் முகவரியைச் சொல்லும் டைன் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் முதலான பெரிய தளங்களையே தடுமாற வைத்தது. நம் வீட்டுப் பெட்டி நமக்குத் தெரியாமல் போருக்குப் போய் வரலாம் என்பது கருதத்தக்கது.

இயல் 5: கசிவு

இவற்றையெல்லாம் கற்ற ஆய்வாளர், இருபது எழுத்தில் கடவுச்சொல் அமைத்தார். டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைத்தார். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினார். அன்றிரவு நிம்மதியாக உறங்கினார். மூன்றாம் நாள், இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலை எடுத்தபோது பதினொன்று இருந்தன. வீட்டில் உள்ளவை ஐந்து.

கணிதம் உடைந்ததா? இல்லை. தகவலாளர் அ-விடம் நேர்காணல் நடத்தப்பட்டது.

“மாடி வீட்டு அக்கா கேட்டாங்கப்பா. அவங்க பேரனுக்குப் பரீட்சையாம். தண்ணி கேட்டா இல்லேன்னு சொல்லுவோமா?”

“அம்மா, அது பாஸ்வேர்டும்மா.”

“அதனாலதான் எழுதிக் கொடுத்தேன். நீ வெச்சது வாயில நுழையலையே.”

அந்த இருபது எழுத்தும் தினசரி காலண்டரின் பின்னட்டையில், கேஸ் புக்கிங் எண்ணுக்குக் கீழே, அழகான கையெழுத்தில் காணப்பட்டது. உலகின் சிறந்த பூட்டுகள் எல்லாம் திருடனை எண்ணிச் செய்யப்பட்டவை. விருந்தாளியை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல என்பதே இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு.

முடிவுரை

இச்சிக்கலுக்கு நம் வீடுகள் முன்பே விடை கண்டிருந்தன. பெயர் தெரியாத வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்கலாம், தூணில் சாயலாம், ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம். நிலைப்படி தாண்டி உள்ளே வர வேண்டியதில்லை. அதற்குத் திண்ணை என்று பெயர். இன்றைய திசைவிகள் பலவற்றில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்றொரு வசதி இருக்கிறது. அதில் சேர்பவருக்கு இணையம் கிடைக்கும். நம் கணினியோ பிரிண்டரோ கண்ணில் படாது. மாடி வீட்டுப் பேரனையும், மலிவு விலையில் வாங்கிய கேமராவையும் அங்கே உட்கார வைக்கலாம். அடுக்குமாடி கட்டும்போது இடித்த திண்ணையை மென்பொருளில் மீண்டும் கட்டியிருக்கிறார்கள்.

ஆய்வாளர் அதை இயக்கி, ‘திண்ணை’ என்று பெயரிட்டார்: 18 பைட்டு. தகவலாளர் அ எட்டிப் பார்த்து, “வெறுமனே திண்ணைன்னா எப்படி? பக்கத்துல வாங்கன்னு போடு” என்றார். இடைவெளியோடு சேர்த்து ‘திண்ணை வாங்க’ 34 பைட்டு. எல்லை 32. ‘வா’ என்றால் 25தான். ஆனால் மாடி வீட்டு அக்காவை அப்படிக் கூப்பிட முடியாது.

மரியாதைக்கு இரண்டு பைட்டு குறைகிறது. இது மேலாய்வுக்கு உரியது.