கைஃப ஹாலுக்கு

பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வேன். கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர் உத்தியோகம். 'நடந்தனன்' என்பதைப் பிரிக்கத் தெரியாமல் விழித்த பிள்ளைகளிடம், "விகுதிகூடத் தெரியலையா?" என்று நான் போட்ட சத்தம் அடுத்த வகுப்பு வரை கேட்கும். அந்தப் பாவமெல்லாம் ஒன்றுசேர்ந்து அரபி உருவத்தில் வந்தது.

எனக்கு எதற்கு அரபி? அடுத்த வருஷம் ஓய்வு. எங்கள் தெருவிலிருந்தே சவூதி, குவைத் என்று பிள்ளைகள் போகிறார்கள். கிளம்புகிறவர்களுக்குப் பேச்சு அரபி வகுப்பு நடத்தினால் ஓய்வூதியத்துக்கு மேலே கைச்செலவுக்கு ஆகும் என்று ஒரு கணக்கு. அதற்கு முதலில் எனக்கு அரபி தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கில் கடைசி வரி. ஃப்ளெக்ஸ் போர்டுக்கு வாசகம் எழுதி முடித்த பிறகுதான் புத்தகமே வாங்கினேன்.

அந்நிய மொழி, அந்நியர் எழுதிய புத்தகம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. மதீனா புத்தகங்கள் என்று உலகமெங்கும் படிக்கிறார்களே, அந்த 'துரூஸுல் லுகதில் அரபிய்யா'வை எழுதியவர் வி. அப்துர் ரஹீம். 1933இல் நம்ம வாணியம்பாடியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபி சொல்லிக்கொடுத்தவர். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன். எழுதிப் பார்க்கத்தான் முடியாது. கொண்டையூசி வளைவில் பேனா ஒரு துள்ளு துள்ளினால், கீழே விழ வேண்டிய புள்ளி மேலே விழும். அரபியில் புள்ளி இடம் மாறினால் எழுத்தே வேறு.

சந்தேகம் கேட்க, ஊரில் மதரஸா நடத்தும் ஒரு ஹஜ்ரத்தைப் பிடித்தேன். பொறுமைசாலி. அவருடைய பொறுமையை நான் சோதித்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

'நலமா?' என்பதற்கு 'கைஃப ஹாலுக' என்று கேட்க வேண்டும். ஹால் என்றால் நிலைமை. 'உ' வேற்றுமைக் குறி. கடைசியில் ஒட்டியிருக்கும் 'க'தான் 'உன்'. நான் கம்பீரமாக உள்ளே நுழைந்து, "கைஃப ஹாலுக்கு?" என்றேன். ககரத்தைக் கண்டால் நாலாம் வேற்றுமை ஆக்கிவிடும் நாக்கு. ஓதிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன், "எந்த ஹாலுக்கு சார், கல்யாண ஹாலுக்கா?" என்றான். மறுநாள் திருத்திக்கொண்டு போய், "ஹாலுகி" என்றேன். 'க' ஆணுக்கு, 'கி' பெண்ணுக்கு. ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு, "நலம்தான் சார்" என்றார்.

நமக்கு உடைமை முன்னால் வரும்: என் வீடு, உன் வீடு. எந்தை, நுந்தை, தந்தை என்று பழந்தமிழ் ஒட்டியதும் தலையில்தான். அரபியில் அத்தனையும் வாலில். பைத் என்றால் வீடு. பைத்தீ என் வீடு. பைத்துஹு அவன் வீடு. பைத்துஹா அவள் வீடு. இது எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்த இடத்தில்தான் தா மர்பூதா காத்திருந்தது. மத்ரஸா போல 'ஆ'வில் முடியும் சொற்களின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பெண்பால் குறி அது. தனியே நின்றால் 'த்' காதில் விழாது. ஒட்டு சேர்ந்ததும் வெளியே வந்துவிடும்: மத்ரஸதீ, என் பள்ளி. குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்ன பயிற்சியில், 'ஸவ்ஜதீ' என்று வரவேண்டிய இடத்தில் இந்தத் 'த'வை விட்டு, 'ஸவ்ஜீ' என்று எழுதிவிட்டேன். பொருள், என் கணவர். ஹஜ்ரத் போட்ட சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள் வீட்டுக்காரி. சொன்னேன். "சரியாத்தானேங்க எழுதியிருக்கீங்க, இதுல எதுக்கு வட்டம்?" என்றாள்.

வினைச்சொல்லில் இன்னும் மோசம். அரபி இலக்கணக்காரர்களுக்கு அடிதடி எடுத்துக்காட்டுகள் மேல் தனிப் பிரியம். ஸைது என்பவன் அம்ரு என்பவனை நூற்றாண்டுகளாக அடித்துக்கொண்டே இருக்கிறான். ளரப என்றால் அடித்தான். 'என்னை அடித்தான்' என்பதற்கு 'ளரபீ' என்றேன். 'ளரபனீ' என்று வரவேண்டுமாம். நடுவில் ஒரு 'ன்' எதற்கு என்று வாதம் செய்தேன். வினையின் ஈற்று உயிர் கெடாதபடி காக்கிற நூன், அதற்குப் பேரே நூனுல் விகாயா என்றார் ஹஜ்ரத். பிறகு தயங்கி, "தமிழ்லயும் ரெண்டு உயிருக்கு நடுவுல ய், வ்னு ஏதோ வருமே சார்?" என்றார். உடம்படுமெய்! காலமெல்லாம் நான் கரும்பலகையில் எழுதிய சமாச்சாரம். வேலை அச்சாக ஒன்றில்லை, ஆனால் ஜாடை தெரிந்திருக்க வேண்டாமா எனக்கு?

இதைவிடப் பெரிய அடி பட்டாவில் விழுந்தது. எங்கள் தாத்தா பெயருக்குப் பின்னால் 'வகையறா' என்று இருக்கும். 'வகை அறாதது வகையறா, தூய தமிழ்' என்று வகுப்பில் விளக்கியவன் நான். வ என்றால் 'உம்', கைர் என்றால் 'பிற', கடைசியில் 'ஹு'. உருது வழியாக வந்து தேய்ந்துபோன அரபி என்று ஹஜ்ரத் அதைப் பிரித்து வைத்தார். நான் மனப்பாடம் செய்யத் திணறும் அதே 'ஹு', தாத்தா பட்டாவிலேயே இருந்திருக்கிறது. விட்டேனா? அப்படியானால் தாசில்தார், ஜாகிர்தாரில் வரும் 'தார்' எந்த அரபி விகுதி என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். மலையில் 1976 வரை ஜாகிர் ஆட்சி. எங்களுக்குப் பழக்கமான சொல். "தாசில் அரபி, தார் பார்சி. ஜாகிர்தார் தலையோடு வாலாக பார்சி" என்றார்.

ஒருவழியாகப் பதினான்கு பிரதிப்பெயர் ஒட்டுகளையும் அட்டவணை போட்டேன். மலையிலிருந்து முதல் மாணவன் வந்தான், என்னிடம் படித்தவன். டிரைவர் விசா. அட்டவணையை விரித்தேன். பார்த்துவிட்டு, "சார், சம்பளம் இன்னும் வரலைன்னு எப்படிச் சொல்றது?" என்றான்.

அது என் அட்டவணையில் இல்லை. எதிர்வீட்டில் சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த டிரைவர், திண்ணையிலிருந்தே, "ராத்திப் மாஃபி" என்றார். அவருக்கு ஒட்டே கிடையாது. என் வண்டி என்பதற்கு 'ஸய்யாரா மால் அனா' என்பார். ஆணோ பெண்ணோ எல்லாரும் அவருக்கு 'இன்த்த'தான். அங்கே பல நாட்டு வேலைக்காரர்களும் பேசிப் பேசி உருவான அரபி அது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ராத்திபீ என்று வரவேண்டும், என் சம்பளம்" என்றேன்.

"சேர்த்துக்கலாம் சார்," என்றார் அவர். "ஆனா உங்க 'ஈ'யைப் போட்டாலும் போடாட்டியும், கஃபீல் முதலாளி குடுக்கிறப்பதான் குடுப்பான்."