ஓட்மீல் கலர் பங்காளி

வடவள்ளியிலோ சரவணம்பட்டியிலோ புதுவீட்டில் பால் காய்ச்சக் கூப்பிட்டால் தவறாமல் போங்கள். இப்படி ஒரு பங்காளி உங்களுக்கும் வாய்த்திருப்பார். வந்தவர்களை ஹாலில் உட்கார விடமாட்டார். "பெட்ரூமைப் பாத்துட்டு வந்து காப்பி குடிக்கலாமுங்க" என்பார். முறை மாறாது, ஏனென்றால் அந்த அறைக்குள் டம்ளரோடு போக யாருக்கும் அனுமதி இல்லை.

சுவர் ஐவரி. திரைச்சீலை மணல் நிறம். மெத்தை விரிப்பு ஓட்மீல். கால்மாட்டில் குறுக்கே ஒரு போர்வை கிடக்கும். அதற்குப் பெயர் 'த்ரோ'. குளிர்ந்தாலும் எடுத்துப் போர்த்தக் கூடாது. தலையணைகள் ஒன்பது, தலை வைக்க இரண்டு. மற்ற ஏழையும் ராத்திரி நாற்காலிக்கு இறக்கி, விடிந்ததும் கட்டிலுக்கு ஏற்றுகிறார்கள் புருஷனும் பெண்டாட்டியும். மில்லில் ஷிப்டு பார்த்த வம்சம் அல்லவா!

"நியூட்ரல் டோனுங்க, மனசுக்கு அமைதி" என்பார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் நம் தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கும்.

சொந்த ஊர் சோமனூர். அப்பாரு விசைத்தறி ஓட்டியவர். மாமனார் ஊர் சென்னிமலை. கல்யாணச் சீரில் கட்டம் போட்ட பெட்ஷீட்டாக வந்து இறங்கியது. அப்பத்தா கொடுத்த பவானி ஜமக்காளம் வேறு. சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை போட்டு, 2005–06இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. இப்போது எல்லாம் லாப்டில், சூட்கேசுக்குப் பின்னால். துணிக்கு நிறம் ஏற்றிப் பிழைத்த சீமையில் நாலு காசு சேர்ந்ததும் முதல் வேலையாக நிறத்தை வீட்டைவிட்டு வெளியேற்றியிருக்கிறார்.

அப்பத்தா வந்தபோது விரிப்பை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, துணி இன்னும் சாயத்துக்கே போவலையாட்ட இருக்குது? காடாவையே விரிச்சுப் போட்டுட்டியா?"

"இதுதேன் அப்பத்தா காஸ்ட்லி."

"உன்ற அப்பாரு இதை வண்டி வண்டியா நெஞ்சு ஏத்தியுட்டாரு. கடைசி வரைக்கும் கோரப்பாய்லதேன் படுத்தாரு."

பங்காளி அசரவில்லை. சாயம் குறைந்தால் நொய்யலுக்கு நல்லது என்று ஒரு வாதம் வைத்திருக்கிறார். 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை, ஏதோ இவர் பெட்ரூமை முன்னிட்டே சொன்னது போல எடுத்துவிடுவார். சாயப்பட்டறைக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த ஓட்மீலும் பிளீச் பண்ணி, சாயத்தொட்டியில் இறக்கி எடுத்த நிறம்தான். வெளிர் ஷேடுதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. கறுப்பில் ஒரு துளி கூடினால் எவனுக்கும் தெரியாது. கிரீமில் கூடினால் ஊருக்கே தெரியும்.

அந்தத் தலைவலி பங்காளிக்கும் வந்து சேர்ந்தது. மேட்சாக இரண்டு தலையணை உறை வேண்டும் என்று கரூர் போய், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து வாங்கி வந்தார். காலை வெயிலில் அவை லேசாக ரோஸ் அடித்தன. இதற்காகத்தான் துணிக்காரர்கள் லைட் பாக்ஸ் வைத்து, விளக்கை மாற்றி மாற்றி ஷேடு பார்க்கிறார்கள். பங்காளி வேறு வழி கண்டுபிடித்தார். இப்போது அந்த அறையில் பகலில் ஜன்னல் திறப்பதில்லை.

பிள்ளைகள் உள்ளே நுழையக் காலைக் கழுவித் துடைத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களுக்கு அன்றைக்கு முழுக்க ஹால்தான். மாமியாருக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டால்.

போன வாரம் போன் பண்ணினார். அடுத்து பூஜை ரூமாம். குங்குமத்தில் கொஞ்சம் லைட் ஷேடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.