உராய்வுத் திருப்புகழ்

விபத்தின் மூலகாரணத்தைக் கண்டுபிடிக்கும் வேகத்தில் நம் விருதுநகர் மாவட்டத்தை மிஞ்ச ஆளில்லை. விமானம் விழுந்தால் வெளிநாட்டில் கறுப்புப் பெட்டியைத் தேடி மாதக்கணக்கில் கடலைத் துழாவுகிறார்கள். இங்கே பட்டாசு ஆலையில் புகை அடங்குமுன்பே விடை கையில் இருக்கும்: மருந்துக் கலவையில் உராய்வு. எந்த ஆலை, எத்தனை பேர் என்பதை மட்டும் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

ஜப்பான்காரர்கள் பாவம், இந்தச் சூட்சுமம் தெரியாதவர்கள். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ, எதற்கும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்கச் சொன்னவர். இயந்திரம் நின்றுபோனது, பியூஸ் போய்விட்டது என்றால் மனிதர் விடமாட்டார். பேரிங்குக்கு எண்ணெய் ஏன் போகவில்லை, பம்பு ஏன் இழுக்கவில்லை, அதன் தண்டு ஏன் தேய்ந்தது என்று குடைந்து, கடைசியில் வடிகட்டி மாட்டாததில்தான் போய் நிற்பார். எவ்வளவு நேர விரயம்! நாம் பியூஸிலேயே திருப்தி அடையும் பக்குவம் பெற்றவர்கள்.

உராய்வின் குணநலன்களைச் சொல்லி மாளாது. அதற்குக் கட்சி கிடையாது, சாதி கிடையாது, தலைமைச் செயலகத்தில் தெரிந்தவர் கிடையாது. வாய்தா வாங்காது. முக்கியமாக, அது பொய்யும் இல்லை. அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த மருந்தை அழுத்திச் செலுத்தினால் உராயத்தான் செய்யும், பொறி பறக்கத்தான் செய்யும். பௌதிகத்தின் மேல் வழக்குப் போட முடியுமா?

இரண்டாவது ‘ஏன்’ கேட்காத நாகரிகத்தை இங்கே பாராட்டியே ஆகவேண்டும். கேட்டால், 4 பேர் இருக்கவேண்டிய அறையில் அதற்கு மேல் எத்தனை பேர் இருந்தார்கள், மரத்தடியில் ஏன் மருந்து அடைத்தார்கள், அன்றன்றைக்குத் தீர்க்கவேண்டிய கலவையை மறுநாளுக்கு ஏன் வைத்தார்கள் என்றெல்லாம் வரும். அதற்கும் ‘ஏன்’ என்றால் பீஸ் ரேட் கூலி வரும். எண்ணிக்கை ஏறினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இன்னும் ஒரு ‘ஏன்’ கேட்டால் உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறைகள் வேறு பலர் கையில். தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டிய அவசரம் அவர்களுக்கு. அதோடு நின்றாலும் பரவாயில்லை. இத்தனையும் நடக்கும் ஆலைக்குச் சோதனைக்குப் போனவர் என்ன பார்த்தார், என்ன எழுதினார் என்ற ஐந்தாவது ‘ஏன்’, மின்விசிறி சுற்றும் ஓர் அறைக்குள் செருப்போடு நுழைந்துவிடும். அந்த அவமரியாதை நமக்கு ஆகாது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் சற்று முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக அப்போது சொல்லப்பட்டது. காகிதத்தில் மூடிய ஆலை களத்தில் வெடித்திருக்கிறது; காகிதத்தின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. காப்பாற்ற ஓடிவந்த ஊர்க்காரர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம்: 20 பேருக்கு மேல் சாவு. அங்கேயும் அறைகள் பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில் எட்டாண்டுக்கு மேல் இடைவெளி இருந்தும் உராய்வு தன் பதவியை இழக்கவில்லை.

நடவடிக்கை இல்லை என்று யாரும் நாக்கில் நரம்பில்லாமல் பேசக்கூடாது. போர்மேன் கைதாவார், உரிமையாளர் தலைமறைவாவார். முதல்வர் நிதி, பிரதமர் நிதி இரண்டும் வரும். சிறப்பு ஆய்வுக் குழு புறப்பட்டு, விதி மீறிய ஆலைகளுக்குத் தற்காலிகத் தடை போடும். தடை என்பதில் ‘தற்காலிக’ என்ற பகுதி மட்டும் பிசகாமல் நிறைவேறும். அப்புறம் திருமண மண்டபத்தில் தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி: பருத்தித் துணி உடுத்துங்கள், கலவையை மெதுவாகக் கையாளுங்கள், அவசரப்படாதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கூலி எண்ணிக்கைக்கு வேலை பார்ப்பவர்கள் என்பதைச் சொல்லி யாரும் பேச்சாளரின் மனதை நோகடிப்பதில்லை. அவர்களை அவசரப்படுத்துகிற குத்தகைக்காரருக்கும், குத்தகைக்கு விட்டவருக்கும் அன்று மண்டபத்தில் நாற்காலி போடுவதில்லை. அவர்களுக்குத்தான் விழிப்புணர்வு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறதே.