தாத்தாக்களின் சுவர்

அமெரிக்காவில் 1890-இல் ‘புரட்சியின் புதல்விகள்’ என்றொரு சங்கம் தொடங்கினார்கள். விடுதலைக்கு உழைத்த முன்னோர் இருந்தால்தான் உள்ளே இடம். நம் காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்தில் அப்படி ஒன்று தொடங்கி, பழம்பொருள்களை வைக்க ஓர் அலமாரியும் வாங்கினால் முதல் நாளே பஞ்சாயத்துதான்.

காரைக்கால் வட்டாரத்தில் ஒரு தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போயிருப்பார். அவர் சம்பந்தி பிரெஞ்சுக்காரனை விரட்டப் போயிருப்பார். அவருக்குப் பதக்கம், இவருக்கு 1972-இல் இந்திரா காந்தி அரசு கொடுத்த தாமிரப் பட்டயம். அங்கே பிரான்ஸ் பென்ஷன், இங்கே தில்லி பென்ஷன். பேரன் கெட்டிக்காரன்: பாஸ்போர்ட்டுக்கு அந்தத் தாத்தா, கல்லூரி ஒதுக்கீட்டுக்கு இந்தத் தாத்தா.

1954 அக்டோபர் 18-இல் புதுச்சேரி அருகே கீழூரில் வாக்களித்த பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேரில், இந்தியாவோடு இணைவதை எதிர்த்தவர்கள் 8 பேர். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அலமாரியில் எந்தத் தட்டை ஒதுக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.