யோசனை டாக்டர்

முப்பத்தைந்து வருஷ காலம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உத்தியோகம் பார்த்தவரும், பாம்புக்கடியாயினும் சரி, சிக்கலான பிரசவமாயினும் சரி, இரண்டு நிமிஷத்துக்கு மேல் யோசித்தறியாதவர் என்று கும்பகோணம் வட்டாரம் முழுவதும் பெயரெடுத்தவருமான எங்கள் தெரு டாக்டர், வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்தில் ஆன்லைன் மூலம் ஒரு முதுகலைப் பட்டம் படிக்கலாமா, கூடாதா என்கிற கேள்வியை மட்டும் மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். இது அவர் ஒருவருக்கே வந்த வியாதி என்று எண்ண வேண்டாம். பென்ஷன் வாங்கத் தொடங்கிய ஆறாம் மாதத்தில், படித்த மனிதர்களில் ஒரு சாராரைத் தவறாமல் பீடிப்பது இது. அடுத்த தெரு எஞ்சினீயருக்கு சம்ஸ்கிருத டிப்ளமோ. ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற நண்பருக்குக் கல்வெட்டு. இவர்கள் யாரும் எதிலும் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. சேரும் உத்தேசத்தைக் கைவிட்டதாகவும் தகவல் இல்லை.

டாக்டர் கண் வைத்திருப்பது பிரிட்டனில் உள்ள சர்வகலாசாலை ஒன்றின் மேல். அதன் பாடத்திட்டத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மஞ்சள் மையால் கோடிட்டு வைத்திருக்கிறார். காலையில் காப்பி ஆறுவதற்குள் பவுனின் அன்றைய விலையைப் பார்த்துக் கட்டணத்தை ரூபாயாக்கி, அந்தப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் குறித்துவிடுவார். (பவுன் என்று நான் சொல்வது இங்கிலாந்து நாணயத்தை. ஒருநாள் வாசலில் அவர் "பவுன் இறங்கிவிட்டது" என்று உரக்கச் சொல்ல, எதிர்வீட்டம்மாள் நகைக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.) பவுன் ஏறினால், இறங்கட்டும் என்று காத்திருப்பார். இறங்கினால், இறங்கத் தொடங்கிய வஸ்து இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பது அவர் சித்தாந்தம்.

அவருடைய தயக்கத்தைக் கேலி செய்யப் போகிறவர்கள் ஜாக்கிரதையாகப் போக வேண்டும். சேருவதற்கு முன்னமே பாதிப் பாடத்தைப் படித்து முடித்திருக்கும் அவரிடம், தாமதத்துக்கு வேண்டிய முன்னுதாரணங்கள் ஏராளமாக உண்டு.

"தம்பி, ரத்தம் உடம்பில் சுற்றி வருகிறது என்று கண்டுபிடித்த ஹார்வி, ஒன்பது வருஷத்துக்கு மேல் சக வைத்தியர்களுக்கெல்லாம் செய்து காட்டிவிட்டுத்தானே 1628ல் புஸ்தகம் போட்டார்? நான் மூன்று வருஷம் யோசித்தது ஒரு குற்றமா?" என்பார்.

அவருக்கு ஹார்வியைவிடப் பிரியமானவர் ஆவன்புருக்கர். ஆஸ்திரியாவில் சத்திரக்காரர் ஒருவரின் பிள்ளையாகப் பிறந்த அவர், நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று சொல்லலாமென 1761ல் எழுதினார். அந்தச் சிறு நூலைப் பெரும்பாலோர் அலட்சியம் செய்ய, நெப்போலியனின் வைத்தியர் கோர்விசார் அதை 1808ல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே தட்டிப் பார்ப்பது உலக வழக்கமாயிற்று. இந்த நாற்பத்தேழு வருஷக் கதையை டாக்டர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவர் மனைவி சமையற்கட்டில் அரிசி டின்னை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்து, 'டங், டங்' என்றிருந்த சத்தம் 'டொக்' கென்று அடங்கிய இடத்தில் நிறுத்தி, "நாலு நாளைக்கு வரும்" என்றார். டாக்டர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "பார்த்தீர்களா! பீப்பாயில் சரக்கு எவ்வளவு என்று அவருடைய தகப்பனார் வீட்டில் இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்களாம்!"

"அவர் தட்டினதும் எழுதிவிட்டார். நீங்கள் தட்டவே இல்லையே?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அந்த அம்மாளுக்கும் மூன்று வருஷமாக இதே பாடம் காதில் விழுந்துகொண்டிருக்கிறது என்பதை டாக்டர் மறந்துவிடுகிறார். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், பல்லீறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்ட மாலுமிகள் பன்னிரண்டு பேரை 1747ல் இருவர் இருவராகப் பிரித்து, ஆறு விதமான பதார்த்தங்களைக் கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே சீக்கிரம் எழுந்து நடமாடினார்கள் என்பதையும், பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் வழங்க 1795 வரையில் எடுத்துக்கொண்டது என்பதையும் டாக்டர் தமக்குச் சாதகமான சாட்சியாக ஒருமுறை எடுத்துவைத்தார்.

"நாற்பத்தெட்டு வருஷம் யோசித்தார்கள், சரி. அதுவரைக்கும் பல் விழுந்தவன் கதி என்ன?" என்றார் அம்மாள். அன்று டாக்டர் சீக்கிரமே வாக்கிங் கிளம்பிவிட்டார்.

எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில், சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் குறிப்புகள், அவரவர் கண்ணை வர்ணத்தில் எழுதிய சித்திரங்களோடு இருக்கின்றன. கேஸ் ஷீட்டுக்குப் படம் போட்டு வைத்த ராஜா அவர். சரித்திரத்தில் இத்தனை மோகமுள்ளவர், பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே என்று சொன்னேன். "போகலாம். ஆனால் பட்டப் படிப்பில் சேர்ந்த பிறகு ஆராய்ச்சி நிமித்தம் போனால்தானே மரியாதை?" என்றார். வகுப்பு நேரமும் அவருக்கு ஒரு விக்கினம். லண்டனில் சாயங்காலம் ஆறு மணி என்பது இங்கே இரவு பத்தரை. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைப் பின்தள்ளிவிட்டால் பதினொன்றரை. டாக்டரோ ஒன்பது மணிக்குக் கொசுவலைக்குள் புகுந்துவிடுகிற மனிதர்.

இந்த வருஷம் ஜூலை 31 கடைசித் தேதி. அன்று இரவு எட்டு மணிக்கு ஆள் அனுப்பி என்னை அழைத்தார். கம்ப்யூட்டரில் விண்ணப்பம் முழுவதும் பூர்த்தியாகியிருந்தது. சிபாரிசு செய்ய இரண்டு பேர் வேண்டும் என்ற இடத்தில், அவருடைய ஆசிரியர்கள் எல்லோரும் காலமாகிவிட்டபடியால், என் பெயரையும் கூட்டுறவு வங்கி மேனேஜரின் பெயரையும் போட்டிருந்தார். சர்ட்டிபிகேட்டும் ஏற்றியாகிவிட்டது. அடியில் ஒரு நீலப் பொத்தான் மட்டும் பாக்கி. டாக்டர் அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கெடு லண்டன் நள்ளிரவுதானே? நமக்கு விடியற்காலை நாலரை வரைக்கும் அவகாசம் இருக்கிறது. அவசரப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மூன்றரை மணிக்கு அலாரம் வைக்கும்படி மனைவியிடம் சொல்லிப் படுத்துவிட்டார்.

மறுநாள் ஐந்தரை மணிக்குப் பால் வாங்கப் போனபோது அவர் வீட்டைத் தாண்டினேன். ஜன்னல் இருட்டாக இருந்தது. கொசுவலைக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம், அரிசி நிரம்பிய டின்னைப் போலக் கனமாகக் கேட்டது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "அலாரம் அடித்தது. எழுந்து நிறுத்திவிட்டு, அமெரிக்காவிலும் ஒரு காலேஜ் இருக்கிறதாம், அங்கே இன்னும் நேற்றுதான் என்று சொல்லிப் படுத்தார்" என்றார்.